ஹேங்கர் கதவு: மடிப்பதா, தூக்குவதா, தள்ளுவதா?

டெக்சாஸின் நடுப்பகுதியில் புல் ஓடுபாதையை ஒட்டிய சொந்த நிலத்தில், 50 அடிக்கு 50 அடி உலோகக் கொட்டகை (ஹேங்கர்) போட்டு உங்கள் செஸ்னா 182 விமானத்தை நிறுத்தப் போகிறீர்கள். முகப்பில் 44 அடி அகலமும் 12 அடி உயரமும் உள்ள திறப்பு. அதற்கு எண்ணெய் அழுத்தத்தால் ஒரே பலகையாக மேலே எழும் ஹைட்ராலிக் கதவு நல்லதா, நடுவில் மடிந்து ஏறும் கதவு நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். மைத்துனருக்கு வெல்டிங் நன்றாக வரும், நாங்களே செய்துகொண்டால் என்ன என்று கூடவே ஒரு வரி. கொட்டகைக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை என்பதைக் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் பட்டது. உங்கள் கேள்விக்கு நல்ல பதில் சொல்ல முடிவதே அதனால்தான். முன்பணம் கட்டிய பிறகு கேட்டிருந்தால், வாங்கிய கட்டடம் எந்தக் கதவைத் தாங்கும் என்று மட்டுமே பேசியிருக்க முடியும்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. திருச்சி துவாக்குடியில் கொதிகலன் பாகங்கள் செய்யும் பட்டறையில் தொழில் தொடங்கியவன். பிறகு ஓக்லஹோமாவில் 22 ஆண்டுகள், தொழிற்சாலையிலேயே வெட்டித் துளையிட்டு லாரியில் வந்து இறங்கும் உலோகக் கட்டடங்களுக்குச் சட்டகம் வடிவமைத்தேன். டிராக்டர் கொட்டகையும் தேவாலயமும்தான் அதிகம், இடையிடையே ஹேங்கர்கள். விமானம் ஓட்டத் தெரியாது. டெக்சாஸில் பொறியாளர் உரிமமும் எனக்கு இல்லை. ஆகவே இங்கே நான் போடும் கணக்குகள் விஷயத்தின் அளவு புரிவதற்காக மட்டுமே. உங்கள் வரைபடத்தில் முத்திரை குத்த அங்குள்ள ஒருவர் வேண்டும்.

கதவைத் திறப்பது எப்படி என்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அந்தக் கதவு தன் வாழ்நாளில் பெரும்பகுதி மூடியே இருக்கப் போகிறது. மூடிய கதவு ஒரு சுவர். 44க்கு 12 என்றால் 528 சதுர அடிச் சுவர். உள்ளே ஒரு தூண்கூட இல்லாத சுவர். காற்றின் அழுத்தத்துக்கு அமெரிக்கப் பொறியாளர்கள் வைத்துக்கொள்ளும் சூத்திரம் எளியது: மணிக்கு எத்தனை மைல் என்பதை அதே எண்ணால் பெருக்கி, பிறகு 0.00256ஆல் பெருக்கினால் சதுர அடிக்கு இத்தனை பவுண்டு என்று வரும். 105 மைல் என்று வைத்துக்கொண்டால் 28 பவுண்டு. திறந்த வெளியில் 15 அடிக்கு மேற்படாத உயரத்துக்கு உரிய குறைப்புகளைப் போட்டால் 20 பவுண்டு சொச்சம் நிற்கும். உங்கள் கதவின் மேல் மொத்தம் 10,560 பவுண்டு, அதாவது 4.8 டன். செஸ்னா 182 முழு எரிபொருளும் ஆட்களும் சுமையுமாக மேலெழ அனுமதிக்கப்பட்ட எடையே 3,100 பவுண்டுதான். புயலன்று உங்கள் விமானம் போல மூன்றரை விமானங்கள் அந்தக் கதவில் சாய்ந்து நிற்கின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடத்துக்குரிய காற்று வேகம் 105தானா என்பதை ஏஎஸ்சிஇ 7 என்ற அமெரிக்கக் கட்டடச் சுமை நெறிமுறையின் வரைபடத்தில் பார்க்க வேண்டும். வேகம் சிறிது கூடினாலே அழுத்தம் நிறையக் கூடிவிடும், இருமடிக் கணக்கு என்பதால்.

கதவு உடைந்தால் கதவோடு போவதில்லை. மூடிய கட்டடத்துக்குள் காற்று உண்டாக்கும் அழுத்தத்துக்கு அந்த நெறிமுறை 0.18 என்ற கெழுவைத் தருகிறது. முகப்பு பிய்ந்து ஒரு பக்கம் வாய் பிளந்துவிட்டால் அது 0.55. மூன்று மடங்கு. வெளியே கூரையைக் காற்று உறிஞ்சி மேலே இழுக்கும் அதே நேரத்தில் உள்ளேயிருந்தும் மேலே தள்ளுகிறது. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃபுளோரிடாவைத் தாக்கியபோது, கார் ஷெட்டின் அகலக் கதவு முதலில் உள்வாங்கி, பின்னாலேயே கூரை போன வீடுகள் ஏராளம். அதன் பிறகுதான் மயாமி வட்டாரத்தில் கதவுகளைத் தனியாகச் சோதித்து ஒப்புதல் தரும் கடுமையான நடைமுறை வந்தது. கார் ஷெட் கதவு 16 அடி அகலம். உங்களுடையது 44.

இனி நீங்கள் கேட்ட இரண்டு வகைகள். ஹைட்ராலிக் கதவின் இயக்கம் பார்க்கவே அழகு: மேலே கீல், இரு பக்கமும் ஒவ்வொரு சிலிண்டர், பொத்தானை அழுத்தினால் முழுப் பலகையும் வெளியே எழுந்து பந்தல் மாதிரி நிற்கும். டெக்சாஸ் வெயிலில் அந்த 12 அடி நிழலுக்காகவே அதை வாங்குகிறவர்கள் உண்டு. அசையும் பாகங்கள் குறைவு. திறப்பின் உயரத்தில் இழப்பு ஏறக்குறைய இல்லை. ஆனால் திறந்து நிற்கும்போது அது கட்டடத்தை என்ன செய்கிறது என்று பாருங்கள். கதவு 3,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். எடையின் மையம் கீலிலிருந்து 6 அடி வெளியே இருக்கிறது. சிலிண்டரின் கால் தூணில், கீலுக்கு 4 அடி கீழே பதிந்திருக்கிறது. 3,000ஐ 6ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 4,500. மேல் உத்தரத்தை வெளிப்புறமாக 4,500 பவுண்டு இழுக்கிறது; தூண்களை அதே அளவு உட்புறமாகத் தள்ளுகிறது. கதவின் எடையைவிட ஒன்றரை மடங்கு, அதுவும் படுக்கைவாட்டில். சாதாரணக் கொட்டகையின் முகப்பு உத்தரம் மேலிருந்து வரும் சுமைக்காக வைத்தது. பக்கவாட்டில் அது மெலிந்த தகடு.

இதை நான் பாடமாகக் கற்கவில்லை, பட்டுத்தான் கற்றேன். என் தொடக்க காலத்தில் ஒருவர் எங்களிடம் கட்டடத்தையும் வேறொரு நிறுவனத்திடம் ஹைட்ராலிக் கதவையும் வாங்கினார். இரு தரப்பும் ஒன்றுக்கொன்று ஒரு தாள்கூடப் பரிமாறிக்கொள்ளவில்லை. ஆர்டர் படிவத்தில் கதவு என்ற கட்டத்தில் “பிறரால்” என்று எழுதியிருந்ததை நானும் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன். நான்காவது மாதம் அவர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், கதவைத் திறக்கும்போது உத்தரம் நடுவில் ஒன்றரை அங்குலம் வெளியே வளைகிறது, மூடினால் திரும்புகிறது. கூரைத் தகட்டைப் பிடித்திருந்த திருகுகளின் துளைகள் வட்டமாக இல்லை, சாவித் துவாரம் போல நீண்டிருந்தன. அந்தத் துளைகள் வழியாக மழை சரியாக விமானத்தின் முன்கண்ணாடி மேல் சொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் கதவுக்கென்று தனியாக இரண்டு தூணும் ஒரு விட்டமும் சொந்த அடித்தளத்தோடு நிறுத்தி, கட்டடத்திலிருந்து கதவைப் பிரித்தோம். முதலிலேயே அப்படிக் கேட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போல் பல மடங்கு ஆயிற்று. கதவைத் தன் சொந்தச் சட்டகத்தோடு தரும் நிறுவனங்கள் இன்று இருக்கின்றன. ஹைட்ராலிக் என்று முடிவு செய்தால் அப்படியே வாங்குங்கள்.

மடிப்புக் கதவு கட்டடத்துக்கு இலேசானது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். விற்பவர்கள் அடிக்கடி சொல்வது. எனக்கு ஒப்புதல் இல்லை. அது முழுதும் ஏறியபின் இரண்டு பாதிகளும் வெளியே 6 அடி நீட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக மடிந்து நிற்கும். எடையின் மையம் 3 அடி வெளியே. ஹைட்ராலிக்கில் பாதிதானே என்று தோன்றும். ஆனால் மேல் கீலுக்கும் சுவரில் உருளும் கீழ் உருளைக்கும் இடையே அப்போது சுமார் 2 அடிதான் இருக்கிறது. 3,000ஐ 3ஆல் பெருக்கி 2ஆல் வகுத்துப் பாருங்கள்: அதே 4,500. போதாததற்கு, தூக்கும் கயிறுகளோ பட்டைகளோ உத்தரத்தின் நடுவிலும் தொங்குவதால் செங்குத்துச் சுமையும் அதன் தலையில்தான். ஆக, எந்த வகையானாலும், கட்டடத்தின் மேல் அது போடும் விசைகளைக் குறித்த சுமைத் தாளை வாங்கிக் கட்டடம் வடிவமைப்பவரிடம் கொடுத்தபிறகே கட்டடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். கதவு முதலில், கட்டடம் பிறகு. பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்.

மடிப்புக் கதவின் உண்மையான நன்மைகள் வேறு. திறக்கும்போது 6 அடிதான் வெளியே வரும். முகப்பில் நிறுத்திய பிக்கப் வண்டி தப்பிக்கும். திறந்திருக்கும்போது திடீரென்று காற்று எழுந்தால் அது பிடிக்கும் பரப்பு சிறியது. ஹைட்ராலிக் பலகை ஒரு முழுப் பாய்மரம். அடி விளிம்பு சுவரோரமாக நேர்மேலே ஏறுவதால், வாசலில் பனியோ சேறோ குவிந்திருந்தாலும் அதைத் தள்ள வேண்டியதில்லை. நன்மைகளுக்கு விலை, உயரம். மடிந்த கதவு திறப்புக்குள்ளேயே தொங்கும். 12 அடித் திறப்பில் 2 அடியை எடுத்துக்கொண்டால் மிச்சம் 10. உங்கள் 182இன் வால் 9 அடி 4 அங்குலம். 8 அங்குலம் இடைவெளி என்பது காகிதத்தில் போதும். வாசலில் ஒரு சாய்தளமும் விமானத்தை இழுக்கும் அவசரமும் சேர்ந்தால் போதாது. சுவரை 2 அடி உயர்த்தி 14 அடித் திறப்பாக்கினால் இந்தக் கவலை தீரும். கட்டடம் காகிதமாக இருக்கும்போது அந்த 2 அடிக்கு ஆகும் செலவு சிறியது.

பட்டையா, இரும்புக் கயிறா என்பதில் மட்டும் என்னால் உறுதியாகப் பேச முடியாது. மின்னசோட்டாவின் ஷ்வைஸ் நிறுவனம் பாலியெஸ்டர் பட்டையைப் பரப்பியதிலிருந்து பழைய கதவுகளையும் பலர் பட்டைக்கு மாற்றுகிறார்கள். கயிறு இழை இழையாகப் பிரிந்து கையைக் கிழிக்கும் நிலைக்கு வந்ததை நேரில் பல முறை பார்த்திருக்கிறேன். பட்டை அப்படி ஆகிப் பார்த்ததில்லை. ஆனால் நான் பார்த்த பட்டைகள் எல்லாம் வயது குறைந்தவை. அதை வைத்து ஆயுளைத் தீர்மானிப்பது நியாயமாகாது. என் பணமாக இருந்தால் பட்டை வாங்குவேன்.

நீங்கள் கேட்காத மூன்றாவது வகை, தள்ளு கதவு. மின்சாரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சாஸின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருண்டு கிடந்தபோது, கையால் தள்ளித் திறக்கும் கதவு வைத்திருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் உங்கள் முகப்பு அளவை வைத்துப் பாருங்கள். 44 அடியை ஆறு பலகையாகப் பிரித்தால் ஒன்று 7 அடி 4 அங்குலம். பக்கத்துக்கு மூன்றாக, மூன்று தண்டவாளங்களில் ஓடி ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி நிற்க வேண்டும். 50 அடி முகப்பில் இரு ஓரமும் மிஞ்சும் சுவர் 3 அடிதான். ஆக ஒவ்வொரு பக்கமும் அடுக்கு 4 அடி 4 அங்குலம் திறப்புக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். 44இல் 8 அடி 8 அங்குலம் போனால் 35 அடி 4 அங்குலம். உங்கள் இறக்கை 36 அடி. எட்டு அங்குலத்தால் விமானம் வெளியே நிற்கும். கட்டடத்துக்கு வெளியே இருபுறமும் சட்டம் நிறுத்தித் தண்டவாளத்தை நீட்டினால் வழி உண்டு. அப்போதும் தரைத் தண்டவாளத்துக்குள் மண்ணும் புல்லும் சேர்வதை வாரம் ஒரு முறை கிளற வேண்டும். மேலே வழிகாட்டிக்கும் உத்தரத்துக்கும் இடையே கூரை தாழ இடம் விட வேண்டும், இல்லையென்றால் உத்தரம் சிறிது இறங்கினாலே பலகைகள் இறுகி நகராது.

மைத்துனர் விஷயத்துக்கு வருகிறேன். பொறியாளர் கையெழுத்தில்லாத கதவை ஊர்ப்பட்டறையில் செய்து, பத்து வருடம் பிசகின்றி ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். அதனால் முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெல்டிங் நன்றாக வருவதும் எதை வெல்டு செய்வது என்று தெரிவதும் வேறு வேறு. மூடிய ஹைட்ராலிக் கதவின் அடி விளிம்பை எடுத்துக்கொள்வோம். முன்சொன்ன காற்றுச் சுமையில் பாதி அதற்கு வருகிறது. நீளத்தில் அடிக்கு 120 பவுண்டு. இரு முனையிலும் தூண், நடுவில் 44 அடிக்குப் பிடிமானம் இல்லை. அங்கே நான்கு அங்குலச் சதுரக் குழாய், கால் அங்குலச் சுவர், போட்டால் போதும் என்றுதான் பட்டறைக் கண்ணுக்குத் தோன்றும்; பார்க்க அவ்வளவு தடிமனாக இருக்கும். கணக்குப் போட்டால் அதில் எழும் தகைவு, அதாவது உலோகத்துக்குள் எழும் விசை, சதுர அங்குலத்துக்கு 89,000 பவுண்டு. அந்த எஃகு நெகிழத் தொடங்குவது 46,000இல். கிட்டத்தட்ட இரு மடங்கு. அதனால்தான் கம்பெனிக் கதவுகளில் அடி விளிம்பு குறுக்குக் கம்பிகளால் பின்னிய ஒரு ட்ரஸ்ஸாக, உள்ளே ஓர் அடிக்கு மேல் துருத்திக்கொண்டு இருக்கிறது. தரையில் துளையிட்டு நடுவே இரண்டு மூன்று தாழ்ப்பாள் கம்பிகள் இறக்கினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். ஆனால் புயல் வரும் இரவில் நீங்கள் ஊரில் இருக்க வேண்டும், கம்பியை இறக்க நினைவிருக்க வேண்டும். அதை நம்பி நான் வடிவமைக்க மாட்டேன்.

எனவே பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். சட்டகம், கீல், சிலிண்டர் பதியும் இடம், எண்ணெய்ச் சுற்று ஆகியவை கதவு நிறுவனத்திடமிருந்து வரட்டும். தகடு அடிப்பது, வண்ணம் பூசுவது, ஓர ரப்பர் வைப்பது, வெப்பத் தடுப்புப் பஞ்சு ஒட்டுவது மைத்துனருக்கு. கடைசியாகச் சொன்னதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பஞ்சும் உள்தகடும் சேர்ந்தால் கதவின் எடை நூற்றுக்கணக்கான பவுண்டு ஏறும். சிலிண்டரும் மோட்டாரும் அதற்கேற்ப இருக்க வேண்டும். அடுத்த கோடையில் வெயில் தாங்காமல் பஞ்சு ஒட்டிவிட்டுக் கதவு பாதியில் நிற்கிறது என்று கூப்பிட்டவர்கள் எனக்கு உண்டு.

வாங்கும்போது கேட்க வேண்டிய சில சிறு விஷயங்கள் இருக்கின்றன. பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டுமே கதவு நகர வேண்டும். ஒரு தட்டில் தானாக ஓடுவது வேண்டாம். ஹைட்ராலிக்கில் குழாய் வெடித்தால் கதவைப் பிடித்து நிறுத்தும் பூட்டு வால்வு சிலிண்டரின் வாயிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பம்ப்பின் பக்கத்தில் இருந்து பயனில்லை, வெடிப்பது நடுவிலுள்ள குழாய்தான். மின்சாரம் போனால் எப்படித் திறப்பது என்பதைப் படத்தில் காட்டச் சொல்லாமல் நேரில் செய்து காட்டச் சொல்லுங்கள். ஆள் நுழைய ஒரு சிறு கதவைப் பெரிய கதவிலேயே வெட்டாதீர்கள், பக்கச் சுவரில் வையுங்கள். மடிப்புக் கதவென்றால், கதவு எல்லைக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்சுக்கு மூடி உள்ளதா என்று பாருங்கள். ஒரு முறை மண்குளவி அந்தச் சுவிட்சின் கைக்குள் கூடு கட்டி அது அசையாமல் போய், மேலே வந்த கதவு நிற்கத் தெரியாமல் உத்தரத்தோடு முட்டிக் கயிறு அறுந்ததைப் பார்த்தேன். விமானத்தின் வேகத்தை அளக்கும் காற்றுமானிக் குழாய்க்கு நீங்கள் உறை போடுவது அதே குளவிக்குப் பயந்துதானே.

என் தேர்வு என்ன என்று கேட்டால்: கட்டடம் இன்னும் வாங்கவில்லை என்பதால், சுவரை உயர்த்தி 14 அடித் திறப்பில் பட்டை மடிப்புக் கதவு. காற்றை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். ஓடுபாதையை ஒட்டிய குடியிருப்பின் விதிகளோ வேறு காரணமோ சுவரை உயர்த்த விடாவிட்டால், சொந்தச் சட்டகத்தோடு வரும் ஹைட்ராலிக். பிலாட்டஸ் பிசி-12 போல 53 அடி இறக்கையும் 14 அடி வாலும் உள்ள விமானம் என்றாவது வரும் என்று கனவிருந்தால் இந்தக் கொட்டகையே போதாது. அதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

விலை கேட்க உட்காருமுன் ஒரு நாடாவோடு போய் உங்கள் விமானத்தை நீங்களே அளந்துவிடுங்கள். கையேட்டில் உள்ள 9 அடி 4 அங்குலம், மூன்று சக்கரமும் முறையாகக் காற்றோடு நிற்கும் விமானத்துக்கு. மூக்குச் சக்கரத்தின் அதிர்வுதாங்கி காற்றிறங்கி அமுங்கினால் மூக்கு தாழும், வால் ஏறும். மேலே சுழலும் விளக்கோ ஆன்டெனாவோ பிற்பாடு பொருத்தியிருந்தால் அதுவும் கணக்கில் சேரும். மூக்கை அமுக்கிப் பிடிக்க மைத்துனரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.